சொல்லாமல் வரும் ஆய்வாளர்

உணவகத்தின் சமையலறைக்கு ஆய்வாளர் போய்ச் சேருவதற்கு முன்பே, அவர் வருகிறார் என்ற செய்தி அங்கு போய்ச் சேர்ந்துவிடும். நகராட்சியில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றிய காலத்தில் நான் பலமுறை கண்ட உண்மை இது. உள்ளே நுழையும்போது தரை அப்போதுதான் கழுவப்பட்டு ஈரமாக இருக்கும். பணியாளர்கள் அனைவரும் புதிய தலையுறை அணிந்திருப்பார்கள். குளிர்பெட்டியில் பாதி இடம் காலியாக இருக்கும். அங்கிருந்த பொருள்கள் எங்கே போயின என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்களுக்காக அவசர அவசரமாக ஒழுங்குபடுத்தப்பட்ட சமையலறையைப் பார்த்துவிட்டு, அறிக்கையில் கையொப்பமிட்டுத் திரும்புவோம்.

இதே நாடகம் கடலிலும் அரங்கேறியிருக்கிறது. 2013 ஜூன் மாதம், அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில் உள்ள ஸ்கேக்வே துறைமுகத்தில் நின்றிருந்த 'சில்வர் ஷேடோ' என்ற சொகுசுக் கப்பலில் சுகாதார ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி ஏறினர். சமையற்கூடத்தோடு நில்லாமல், பணியாளர்கள் உறங்கும் அறைகளையும் அவர்கள் திறந்து பார்த்தனர். இறைச்சி, பால், பாலாடைக்கட்டி, சமைத்த உணவு, காய்கறி, பாத்திரங்கள் என 15-க்கும் மேற்பட்ட தள்ளுவண்டிகள் நிறைய பொருள்கள், 10-க்கும் மேற்பட்ட அறைகளில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. அக்கப்பலுக்குக் கிடைத்த மதிப்பெண் 100-க்கு 82, அதாவது தோல்வி. கப்பலில் வேலை பார்த்தவர்களே புகைப்படங்களுடன் முன்கூட்டித் தகவல் தந்திருந்தனர் என்பது பின்னர் செய்திகளில் வெளியானது.

இந்த நிகழ்வு வெளிச்சத்துக்கு வரக் காரணமாக இருந்தது அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தின் கப்பல் சுகாதாரத் திட்டம். பயணக் கப்பல்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு நோய்கள் அடிக்கடி பரவியதைத் தொடர்ந்து 1975-இல் தொடங்கப்பட்ட திட்டம் இது. இடையே 1986-இல் நிறுத்தப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததால் மறு ஆண்டே மீண்டும் உயிர்பெற்றது. 13 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளுடன், வெளிநாட்டுத் துறைமுகத்தையும் அமெரிக்கத் துறைமுகத்தையும் தொட்டுச் செல்லும் கப்பல்கள் இதன் வரம்புக்குள் வருகின்றன. ஆண்டுக்கு இருமுறை, முன்னறிவிப்பில்லாமல் ஆய்வு நடத்துவது நோக்கம். அதற்கான கட்டணத்தைக் கப்பலின் அளவுக்கேற்ப நிறுவனங்களே செலுத்துகின்றன.

ஒவ்வொரு கப்பலும் 100 மதிப்பெண்ணுடன் தொடங்குகிறது. காணப்படும் குறையின் கடுமைக்கேற்ப மதிப்பெண் குறைக்கப்படும். 86-உம் அதற்கு மேலும் தேர்ச்சி. 85-உம் அதற்குக் கீழும் தோல்வி. தோற்ற கப்பல் குறைகளைச் சரிசெய்ததைத் தெரிவிப்பதோடு மறு ஆய்வுக்கும் உட்பட வேண்டும். மக்கள் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து இருக்குமானால், கப்பல் புறப்படக் கூடாது என்று பரிந்துரைக்கவும் இடமுண்டு. மதிப்பெண்ணும் குறைகளின் விவரமும் இணையத்தில் வெளியிடப்படுகின்றன. பயணச்சீட்டு வாங்க நினைக்கும் எவரும், எந்தக் கப்பலில் எந்தக் குளிர்பெட்டி பழுதாகியிருந்தது என்பதுவரை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

கப்பலில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? முதலில் குடிநீர். நடுக்கடலில் கடல்நீரை நன்னீராக்கிப் பயன்படுத்தும் கப்பல், மாசுபட்ட துறைமுக நீரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது. தொட்டியில் சேரும் நீருக்கு குளோரின் போன்ற கிருமிநீக்கி சேர்க்கப்பட வேண்டும். குழாய்களில் ஓடும் நீரில் அதன் எச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 5 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அடுத்தது சமையற்கூடம். கெட்டுப்போகக்கூடிய குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் நுண்கிருமிகள் பெருகுகின்றன.

நீச்சல் குளம், வெந்நீர்த் தொட்டி, குழந்தைகள் விளையாடும் கூடம், மருத்துவ அறை, காற்றோட்ட அமைப்பு ஆகியவையும் ஆய்வுக்கு உட்பட்டவை. வெந்நீர்த் தொட்டியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். 1994-இல் ஒரு பயணக் கப்பலில் அடுத்தடுத்த ஒன்பது பயணங்களில் ஐம்பது பேருக்கு லெஜியோனெல்லா கிருமியால் நுரையீரல் அழற்சி ஏற்பட்டது. சரியாகப் பராமரிக்கப்படாத வெந்நீர்த் தொட்டியே அதன் ஊற்றுக்கண் எனக் கண்டறியப்பட்டது. தொட்டியில் இறங்காதவர்களும் அதனருகே பொழுதைக் கழித்தபோது, நீராவியோடு வந்த நுண்துளிகளைச் சுவாசித்து நோயுற்றனர்.

ஆனாலும், கப்பல் பயணிகளை அதிகம் வாட்டுவது நோரோ தீநுண்மிதான். நூறுக்கும் குறைவான துகள்கள் உடலுக்குள் சென்றாலே நோய் தொற்றிவிடும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். கைகளில் தடவிக்கொள்ளும் ஆல்கஹால் கிருமிநாசினி இதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும்தான் நம்பகமான காப்பு. ஆயிரக்கணக்கானோர் ஒரே கைப்பிடியைத் தொட்டு, ஒரே கரண்டியால் உணவை எடுத்துப் போட்டுக்கொள்ளும் இடத்தில் இத்தீநுண்மி பரவுவதற்குக் கேட்கவா வேண்டும்?

எனவே ஆய்வோடு நோய்க் கண்காணிப்பும் இணைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கத் துறைமுகத்தை அடைவதற்கு 24 முதல் 36 மணி நேரத்துக்கு முன், கப்பலில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு நோய் என்பதைத் தெரிவித்தாக வேண்டும். ஒருவருக்கும் இல்லை என்றாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். பயணிகளிலோ பணியாளர்களிலோ 2 விழுக்காட்டினர் நோயுற்றால் தனி அறிக்கை தேவை. 3 விழுக்காட்டை எட்டினால் அது நோய்ப்பரவலாகக் கருதப்பட்டுப் பொதுவெளியில் அறிவிக்கப்படுகிறது. 3,000 பயணிகள் செல்லும் கப்பலில் 90 பேர் நோயுற்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது இதன் பொருள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். உயர்ந்த மதிப்பெண் பெற்ற கப்பலில் நோய் வராது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஏறும்போதே கிருமியைச் சுமந்துவரும் பயணியை எந்த மதிப்பெண்ணாலும் தடுக்க இயலாது. கப்பல்கள்தான் நோயின் கூடாரம் என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் பதிவாகும் நோரோ தீநுண்மிப் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஒரு விழுக்காடு மட்டுமே. முதியோர் இல்லங்களிலும் பள்ளிகளிலும் உணவகங்களிலும்தான் மிகுதியான பரவல்கள் நிகழ்கின்றன. கப்பல் நோய்கள் செய்தியாவதற்குக் காரணம், அவற்றை மறைக்க விதி இடம் தராததுதான்.

மதிப்பெண் அட்டையில் எளிதில் தென்படாத மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் சமையற்கூடத்தில் காய்கறி நறுக்கும் பணியாளர். உணவைக் கையாளும் பணியாளருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், அறிகுறிகள் நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் அவர் தனித்திருக்க வேண்டும் என்கிறது விதி. பிற பணியாளருக்கு 24 மணி நேரம். நோயுற்ற மாலுமி கப்பலில் இருக்கும்வரை முழு ஊதியம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. ஆனால், ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த அழைப்பு வருமா என்று காத்திருக்கும் இளைஞர், தன் வயிற்று வலியை மருத்துவ அறையில் சொல்வாரா, விழுங்கிக்கொள்வாரா? ஆய்வாளரின் வெப்பமானிக்கு இந்த அச்சத்தை அளக்கத் தெரியாது. உணவகச் சமையலறைகளில் காய்ச்சலோடு நின்றிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "ஒன்றுமில்லை ஐயா, வெக்கை" என்பார்கள். ஒருநாள் கூலி போய்விடும் என்பதை அவர்களும் சொன்னதில்லை, நானும் குறித்துக்கொண்டதில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் எனக்கு உண்டு.

அந்த 'சில்வர் ஷேடோ' நிகழ்விலும் உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் பணியாளர்களே. ஒளித்துவைக்கப்பட்ட உணவோடு ஒரே அறையில் உறங்கியவர்களும் அவர்களே. அவர்கள் அஞ்சாமல் பேசவும், பேசியதைக் கேட்கத் தனித்த அமைப்பு ஒன்று இருக்கவும், கண்டறிந்தது ஊரறியப் பதிவாகவும் வழி இருந்ததால்தான் குறை வெளிப்பட்டது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆய்வு வெறும் சடங்காகிவிடும்.

அந்த அமைப்பும் ஆட்டம் காணாமல் இல்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க மையத்தில் நடந்த பெரும் ஆட்குறைப்பில் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் முழுநேர ஊழியர்களும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. கப்பல் நிறுவனங்களின் கட்டணத்தில் இயங்கும் திட்டத்துக்கே இந்நிலை என்றால், இத்தகைய பாதுகாப்புகள் எவ்வளவு எளிதில் கைநழுவிப் போகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்கும் இதில் அக்கறை உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் மாதம் சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டு இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை கப்பல் சென்று வந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'குரூஸ் பாரத்' இயக்கம், 2029-க்குள் இந்தியாவில் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்க முனைகிறது. அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடாத கப்பலுக்கு அந்நாட்டு மதிப்பெண் கிடையாது. பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகளின்படி ஆறு மாதங்களுக்குச் செல்லும் கப்பல் சுகாதாரச் சான்றிதழ் நமக்கும் பொருந்தும். துறைமுகச் சுகாதார அலுவலர்கள் கப்பலைப் பார்வையிட்டு அதை வழங்குகின்றனர். எனினும், அது கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் இடையிலான ஆவணம். குடும்பத்தோடு பயணம் செய்யப் பணம் கட்டுபவரின் கேள்விக்கு அதில் விடை இராது.

நம் துறைமுகங்களில் ஏறும் பயணக் கப்பல்களுக்கும் முன்னறிவிப்பில்லாத ஆய்வு நடத்தி, அதன் முடிவைத் தமிழிலும் பிற மொழிகளிலும் எவரும் படிக்கும்படி வெளியிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. நோயுற்ற பணியாளர் ஓய்வெடுத்தாரா, ஓய்வு நாள்களுக்கு ஊதியம் பெற்றாரா என்பதையும் அந்த ஆய்வு கேட்க வேண்டும். கப்பல் பயணத் தொழில் இங்கே இன்னும் தவழும் பருவத்தில் இருக்கிறது. வேரூன்றிய பின் விதிகளைப் புகுத்துவதைவிட, விதிகளோடு சேர்ந்தே அதை வளர்ப்பது எளிது.

செய்தி முன்னே சென்று சேர்ந்த சமையலறைகளில் நான் இட்ட கையொப்பங்கள் பல. அவற்றில் எத்தனை உண்மையைச் சொன்னவை என்று இன்று என்னால் உறுதியாகக் கூற இயலாது. நமது துறைமுகங்களில் கப்பலேறப்போகும் ஆய்வாளர்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.