திருக்கை முள் குத்து: அறிவியலைக் கடலோர மொழியில் சொல்லுதல்

பாம்பனில் 2016-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘கடல் ஓசை’ 90.4 பண்பலை, மீனவர்களுக்கான சமூக வானொலி ஆகும். காற்று, அலை, கடல்வளப் பாதுகாப்பு முதலியவை அதில் மீனவர்களின் பேச்சு வழக்கிலேயே சொல்லப்படுகின்றன. கேட்பவருக்குப் பழக்கமான சொல்லாலும் பொருளாலும் விளக்கப்பட்ட செய்தியே அவசர நேரத்தில் நினைவுக்கு வரும். மருத்துவத்திற்கும் இது பொருந்தும்.

திருக்கை முள்ளின் நஞ்சு புரதத்தால் ஆனது, வெப்பத்தில் சிதையும். இது பாடநூல் விளக்கம். சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு தன்மை மாறுவது போல இந்நஞ்சும் வீரியம் இழக்கிறது என்றால் அனைவருக்கும் விளங்கும்.

ஆனால் உவமையை அப்படியே செயலில் இறக்கிவிடக் கூடாது. முட்டை வேகும் சூடு தோலைப் புண்ணாக்கிவிடும்; நீர் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. உடனிருப்பவர் முதலில் தம் கையை நனைத்துப் பார்க்க வேண்டும். வலியில் துடிப்பவரால் சூட்டின் அளவைச் சரியாக உணர இயலாது. குத்துப்பட்ட கை அல்லது காலை 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைக்கலாம். காயத்தைக் கீறுவதோ இறுகக் கட்டுவதோ வேண்டாம்.

வலி தணிந்தாலும் முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கக்கூடும். எனவே மருத்துவரைக் காண்பது அவசியம். டெட்டனஸ் தடுப்பூசியும் தேவைப்படலாம். மார்பு, வயிறு, கழுத்து ஆகிய இடங்களில் குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல், வெந்நீருக்காகக் காத்திராமல், உடனே 108-ஐ அழைக்கவும்.