கலா (எம்.ஐ.ஏ. ஆல்பம்)

‘கலா’, ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லண்டன் ராப் பாடகி எம்.ஐ.ஏ.வின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம். எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் 2007 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. அமெரிக்காவில் இன்டர்ஸ்கோப்பும் சேர்ந்துகொண்டது. மொத்தம் பன்னிரண்டு பாட்டு. அமெரிக்கக் கணக்கில் இது நடன, எலெக்ட்ரானிக் இசைப் பட்டியலில் நிற்கிறது. பாடும் முறை ராப், துண்டெடுத்துக் கோக்கும் முறை ஹிப் ஹாப், அடித்தாளத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டு மேளம். தேனிப் பக்கத்து வாசகருக்கு இந்த ஆல்பத்தில் இரண்டு உறவுகள் உண்டு: ஒன்று உருமி, மற்றொன்று பண்ணைப்புரத்து இளையராஜா.

பின்னணி

மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் 1975 ஜூலை 18 அன்று லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். தந்தை ஈழப் போராட்ட அமைப்பான ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அருளர் என்பது அவருடைய இயக்கப் பெயர். அவர் வீட்டில் தங்கிய நாட்கள் குறைவு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் அலைந்தவர் தாய் கலா. 1986-இல் அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்து, தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

மகள் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். பிறகு, இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே கருவியில் தாளம் அமைக்கப் பழகி, பாட்டுக்கு வந்தார். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரையே வைத்தார். ‘அருளர்’ பிரிட்டனின் மெர்குரி இசை விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. அடுத்த ஆல்பத்துக்குத் தாயின் பெயர். அது ஆண் குணம் கொண்ட ஆல்பம், இது பெண் குணம் கொண்டது என்று அவரே பேட்டிகளில் பிரித்துச் சொன்னதுண்டு. கேட்டுப் பார்த்தால் அந்தப் பிரிப்பு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தவில்லை. முதலாவது ஒரு பெட்டிக்குள் செய்த இசை. இரண்டாவது ஊர் ஊராகப் போய் ஆட்களைக் கூட்டிச் செய்த இசை. பெரிய வித்தியாசம் இதுதான்.

விசா மறுப்பும் பயணமும்

முதலில் போட்ட திட்டம் வேறு. அமெரிக்காவில் தங்கி, அப்போது உச்சத்தில் இருந்த இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் ஆல்பத்தைச் செய்வதாக இருந்தது. 2006-இல் நீண்ட கால வேலை விசா கிடைக்கவில்லை. தன் பாட்டு வரிகளும் தந்தையின் அரசியலுமே காரணம் என்று எம்.ஐ.ஏ. நம்பினார். அமெரிக்கா அடைபட்டதால், இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் ஒலிப்பதிவு நடந்தது. கூட இருந்து பெரும்பான்மைப் பாடல்களைத் தயாரித்தவர் ஸ்விட்ச் என்ற பெயரில் இயங்கும் ஆங்கிலேயர் டேவ் டெய்லர். ஆல்பம் முடியும் தறுவாயில் அமெரிக்கா திறந்தது. டிம்பலாண்டின் பங்கு கடைசிப் பாட்டான ‘கம் அரவுண்ட்’ என்ற ஒன்றோடு நின்றுபோனது. ஆல்பத்திலேயே ஒட்டாமல் தனியாக நிற்பதும் அதுதான்.

கோடம்பாக்கம்

2006 தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்தது ஏ.ஆர். ரஹ்மானைப் பார்க்க. மனதில் இருந்த ஒலியை ரஹ்மானுக்கு விளக்க முடியாமல் கூட்டு முயற்சி அப்போதைக்குக் கைகூடவில்லை. ஆனாலும் ரஹ்மான் தனக்குத் தெரிந்த கலைஞர்களைக் கைகாட்டி, கோடம்பாக்கத்தில் இருந்த தன் ஏ.எம். ஸ்டுடியோவையும் பயன்படுத்தக் கொடுத்தார். மேளக்காரர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் பதிவு செய்தது அங்கேதான். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டும் அந்தப் பதிவின் மேல் எழுந்தவை.

‘பேர்ட் ஃப்ளூ’வில் மெட்டு என்று சொல்ல ஏதும் கிடையாது. மேளம், கோழிக் கொக்கரிப்பு, பிள்ளைகளின் கூச்சல், அதற்கு நடுவே ராப். ஆல்பம் வரும் முன்பே இதை வெளியே விட்டார்கள். வானொலிக்கு ஏற்ற பாட்டே அல்ல இது. தெரிந்தே முதலில் விட்டது போலத்தான் தோன்றுகிறது. ‘பாய்ஸ்’ சற்று இணக்கமானது. சென்னையில் பதிந்த மேளத்தின் மேல் டிரினிடாடின் சோக்கா இசையைப் போட்டார்கள். வீடியோவை ஜமைக்காவில் எடுத்தார்கள். மூன்று ஊர்ச் சரக்கு என்பது தனியாகச் சொன்னால்தான் தெரியும்.

உருமி

ஆங்கில விமர்சனங்கள் இந்த மேளத்தைச் சென்னைக் கானாவோடு சேர்த்து எழுதின. கானா மேடையில் உருமி ஏறியதுண்டு என்றாலும் அதன் வேர் அங்கே இல்லை. தெற்கத்திக் கோயில் திருவிழாவிலும் ஆட்டத்திலும் இருக்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் தீச்சட்டி எடுக்கிறவர்களுக்கோ, தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மனின் மூடிய கதவைக் கும்பிட மாசி மாதம் வருகிறவர்களுக்கோ இந்த வாத்தியத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கம்பளத்தார் ஆடும் தேவராட்டத்துக்கு ஆதாரமே இதுதான். அவர்கள் இதைத் தேவதுந்துபி என்பார்கள்.

இடை சிறுத்த இருமுக வாத்தியம் உருமி. தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் அடிப்பதில்லை. வளைந்த குச்சியைத் தோலோடு அழுத்தி உரசி இழுப்பார்கள். அப்போது அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு முனகல் கிளம்பி, ஏறி, அறுபடும். அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அந்த இழுப்பு நிரப்பிவிடும். டிரம் மெஷினால் அடியை அப்படியே போலி செய்யலாம், இந்த இழுப்பைச் செய்வது கடினம். எலெக்ட்ரானிக் இசையில் பாஸ் செய்கிற வேலையை ‘பேர்ட் ஃப்ளூ’வில் உருமியே பார்த்துக்கொள்கிறது. இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு அங்கே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கணிப்பு. ஆனால் ஸ்விட்ச், டிம்பலாண்ட், அமெரிக்க டிஜே டிப்ளோ பெயர்களை வரிக்கு வரி அலசிய பத்திரிகைகள், வாசித்தவர்கள் யார் என்று பெரும்பாலும் கேட்கவில்லை.

பண்ணைப்புரத்துப் பாட்டு

ஆல்பத்தின் முதல் பாட்டான ‘பாம்பூ பங்கா’வுக்குள் ஓடுவது ‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து எடுத்த துண்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் கே.ஜே. யேசுதாசும் சேர்ந்து பாடிய போகிப் பண்டிகைப் பாட்டு அது; ரஜினிகாந்தும் மம்மூட்டியும் ஆடியது. இசையமைத்த இளையராஜா கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரர். எம்.ஐ.ஏ. எடுத்துக்கொண்டது மெல்லிசைப் பகுதியை அல்ல, கொண்டாட்டத்தின் தாள வேகத்தை. அதன் மேல் அமெரிக்க ராக் குழுவான மாடர்ன் லவர்ஸின் ‘ரோட்ரன்னர்’ பாட்டை நினைவூட்டும் வரிகளைப் போட்டு, காரில் ஜம்மென்று போகிறவனைப் பற்றிய பாட்டைக் காரின் கண்ணாடியைத் தட்டுகிறவர்களின் பாட்டாகத் திருப்பிவிடுகிறார்.

மணிரத்னத்துக்கு இளையராஜா கடைசியாக இசையமைத்த படம் ‘தளபதி’. அடுத்த ஆண்டு ‘ரோஜா’வில் ரஹ்மான் வந்தார். ஒருவரின் பாட்டையும் மற்றவரின் ஸ்டுடியோவையும் லண்டனிலிருந்து வந்த ஒரு பெண் ஒரே ஆல்பத்தில் இணைத்திருக்கிறார். இதைத் தமிழ்ப் பத்திரிகைகள் அப்போது பெரிதாகக் கொண்டாடியிருக்கலாம்.

பிற பாடல்கள்

‘ஜிம்மி’, 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ இந்திப் படத்துக்காக பப்பி லஹிரி போட்ட பாட்டின் மறுபதிப்பு. சிறுமியாக இருந்தபோது விருந்துகளில் எம்.ஐ.ஏ. ஆடிய பாட்டு அது. புதிய வரிகளில், இனப்படுகொலை நடந்த இடங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு பத்திரிகையாளர் விடுத்த அழைப்பைக் காதல் பாட்டின் தொனியில் கிண்டல் செய்கிறார். டிஸ்கோ மினுக்கு அப்படியே இருக்க, பேசும் விஷயம் மட்டும் இருண்டுபோகிறது.

‘ஹசல்’ கேரள மீனவர்கள் படகு இழுக்கும் குரலில் தொடங்குகிறது. லண்டனில் வாழும் நைஜீரியப் பின்னணி கொண்ட ஆஃப்ரிக்கன் பாய் அதில் சேர்ந்து பாடுகிறார். ‘20 டாலர்’ ஆப்பிரிக்காவில் ஏகே-47 துப்பாக்கி விற்ற விலையைப் பற்றியது. ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுவர்களான வில்கானியா மாப் குழுவின் பழைய பாட்டின் மேல் கட்டியது. ஆற்றில் மீன்பிடிக்கும் சிறுவர்களின் பாட்டு. டிஜெரிடூ குழல்தான் அதில் பாஸ். எடுப்பும் சாயலும் ஆல்பத்திலேயே மிக எளிமையானது இதுதான். ‘தி டர்ன்’, ‘எக்ஸ்ஆர்2’ இரண்டும் சுமார் ரகம்.

வெளியீடும் வரவேற்பும்

விற்பனை ஆரம்பத்தில் பிரமாதமாக இல்லை. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 18-ஆம் இடம், பிரிட்டனில் 39. விமர்சகர்கள் மட்டும் ஏறக்குறைய ஒரே குரலில் பாராட்டினார்கள். விமர்சனங்களுக்கு மதிப்பெண் கூட்டிச் சொல்லும் மெட்டாகிரிட்டிக் கணக்கில் நூற்றுக்கு 87. ரோலிங் ஸ்டோன் இதழ் 2007-இன் தலைசிறந்த ஆல்பமாக இதைத் தேர்ந்தெடுத்தது.

அந்தப் பாராட்டிலேயே ஒரு கசப்பும் இருந்தது. முதல் ஆல்பத்தில் பங்கேற்ற டிப்ளோ, ‘கலா’வில் சில பாட்டுகளில்தான் கை வைத்தார். பத்திரிகைகளோ அவரையே இசைக்குப் பின்னாலிருக்கும் மூளையாகக் காட்டின. 2007-இல் பிட்ச்ஃபோர்க் பேட்டியில் எம்.ஐ.ஏ. இதை நேரடியாகவே மறுத்துப் பேசினார். பெண் செய்த இசைக்கு ஓர் ஆணின் பெயரைத் தேடும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டிய பேட்டி அது. பாடகி மட்டுமல்ல, தயாரிப்பாளரும்கூட என்று அதன் பிறகே பலர் எழுதத் தொடங்கினார்கள்.

‘பேப்பர் பிளேன்ஸ்’

ஆல்பத்தைத் தூக்கிவிட்ட பாட்டு, பதினோராவதாக ஒளிந்திருந்தது. தி கிளாஷ் குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ (1982) பாட்டிலிருந்து எடுத்த கிதார் துண்டு; டிப்ளோவும் ஸ்விட்சும் தயாரிப்பு; பல்லவியில் பிள்ளைகளின் குரல், துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் மணி. விசாவுக்கு அலைந்த அலைச்சலில் பிறந்த பாட்டு. வந்தேறிகள் என்றால் பணம் பறிக்க வந்தவர்கள் என்று பயப்படுகிறவர்களிடம், அந்தப் பயத்தையே பாட்டாகத் திருப்பிக் கொடுக்கிறது. கிளாஷின் மூலப் பாட்டும் அகதி, வந்தேறி பற்றியது என்பதால் துண்டுத் தேர்வு தற்செயலாகத் தெரியவில்லை.

டேவிட் லெட்டர்மேனின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடியபோது துப்பாக்கிச் சத்தத்தை மாற்றினார்கள். எம்டிவியும் வீடியோவில் அதையே செய்தது. எம்.ஐ.ஏ. கோபப்பட்டார். 2008-இல் இலங்கைப் பின்னணி கொண்ட அமெரிக்க ராப் பாடகர் டிலான், இதே பாட்டின் இசைமேல் தன் வரிகளைப் போட்டு, எம்.ஐ.ஏ. பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்று குற்றம் சாட்டினார், எம்.ஐ.ஏ. மறுத்தார். இந்தச் சண்டைகளை விட ஒரு சினிமா டிரைலருக்கு வலு அதிகம். ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ படத்தின் டிரைலரில் பாட்டு ஒலித்ததும் விற்பனை பாய்ந்தது. 2008 செப்டம்பரில் பில்போர்டு ஹாட் 100-இல் 4-ஆம் இடம் வரை ஏறியது. ஜே-ஸீ, டி.ஐ., கன்யே வெஸ்ட், லில் வெய்ன் என்ற ராப் பாடகர்கள் நால்வரும் இதன் ஒரு வரியை வெட்டியெடுத்து ‘ஸ்வேகா லைக் அஸ்’ செய்தார்கள். 2009 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஆண்டின் சிறந்த ரெக்கார்டு பிரிவில் போட்டியிட்டது. நிறைமாதக் கர்ப்பிணியாக அந்த நால்வரோடு மேடையேறிப் பாடினார் எம்.ஐ.ஏ. சில நாட்களில் மகன் பிறந்தான்.

தமிழ்நாட்டில் பலருக்கு அவர் பெயர் எட்டியது ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) வழியாக. படத்தில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ இடம்பெற்றதோடு, சென்னையில் அமையாமல் போன கூட்டணியும் அமைந்தது: ரஹ்மானும் அவரும் சேர்ந்து செய்த ‘ஓ... சாயா’ ஆஸ்கர் பரிந்துரை பெற்று, ரஹ்மானின் ‘ஜெய் ஹோ’விடம் தோற்றது. 2010-இல் ‘கலா’வுக்கு அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான கோல்ட் சான்று கிடைத்தது. அதே ஆண்டு வந்த மூன்றாவது ஆல்பத்துக்குத் தன் செல்லப்பெயரான ‘மாயா’வையும், 2013-இல் வந்த நான்காவதற்கு இயற்பெயரான ‘மாதங்கி’யையும் வைத்தார்.