இதயச் சுழற்சி

ஒரு துடிப்பு தொடங்கி அடுத்த துடிப்பு தொடங்கும்வரை இதயத்தில் நடப்பவை அனைத்தும் சேர்ந்து இதயச் சுழற்சி எனப்படும். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு சுழற்சிக்கு 0.8 வினாடி ஆகும். கீழறைகள் சுமார் 0.3 வினாடி சுருங்கி இரத்தத்தை வெளியேற்றும். மீதி நேரம் தளர்ந்து நிரம்பும். சுருங்கும் நிலை சிஸ்டோல் என்றும் தளரும் நிலை டயஸ்டோல் என்றும் வழங்கும்.

இவ்விரண்டில் இதயத்தின் உழைப்பு எது என்று தெளியவே நெடுங்காலம் ஆயிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலன், இதயம் விரிந்து இரத்தத்தை ஈர்க்கிறது என்றும், நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே அது இடப்புறம் கசிகிறது என்றும் கருதினார். 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல்-நஃபீஸ் அத்துளைகளை மறுத்து, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று எழுதினார்.

தீர்ப்பு சொன்னது ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூல். பாலூட்டிகளின் இதயம் துடிக்கும் வேகத்தில் எது முன், எது பின் என்று கண்ணால் பிரிக்க இயலவில்லை. ஆகவே அவர் தவளை, பாம்பு, மீன் ஆகியவற்றின் மெதுவான இதயங்களையும், உயிர் பிரியும் தறுவாயிலிருந்த விலங்குகளின் இதயங்களையும் கூர்ந்து பார்த்தார். மேலறை முதலில் சுருங்கியது, கீழறை பின்தொடர்ந்தது. சுருங்கும் கணத்தில் இதயம் கைக்கு இறுகித் தட்டுப்பட்டது. அதே கணத்தில் தமனி புடைத்தது. எனவே உந்துவதே அதன் வேலை என்றார். ஒரு துடிப்பில் வெளியேறும் அளவை எவ்வளவு குறைத்து வைத்துக் கணக்கிட்டாலும், அரை மணி நேரத்தில் அது உண்ட உணவு தரக்கூடிய இரத்தத்தை மிஞ்சியது. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றிவர வேண்டும். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி தவளையின் நுரையீரலில் கண்டார்.

1860களில் பிரான்சில் ஷொவோவும் மாரேயும் குதிரையின் இதயத்துக்குள் குழாய் செலுத்தி, அறைகளின் அழுத்தத்தைப் பதிவு செய்தனர். சுழற்சியின் ஒழுங்கு அத்தகைய பதிவுகளிலிருந்து தெளிவாயிற்று. கீழறைக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, மேலறை சுருங்கும் முன்பே தானாக இறங்கிவிடும். மீதியை மேலறை தள்ளும். நிரம்பிய இடக் கீழறையில் சுமார் 120 மில்லிலிட்டர் இருக்கும். அது சுருங்கத் தொடங்கியதும் ஈரிதழ் வால்வு மூடும். வலப்புறம் மூவிதழ் வால்வும் மூடும். 'லப்' ஒலி இதுவே. ஒரு கணம் எல்லா வால்வுகளும் மூடியிருக்க, அழுத்தம் மட்டும் ஏறும். அது பெருந்தமனியின் அழுத்தத்தை, அதாவது பாதரச அளவில் சுமார் 80 மில்லிமீட்டரைத் தாண்டியதும் வால்வு திறந்து, 70 மில்லிலிட்டர் வெளியேறும். அழுத்தம் 120வரை உயர்ந்து இறங்கும். வலக் கீழறைக்கு 25 போதும். பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடும்போது 'டப்' ஒலி எழும்.

நிரம்புதலின் முக்கியத்துவம் பின்னரே புரிந்தது. கீழறை எவ்வளவு நிரம்பி விரிகிறதோ அவ்வளவு வலுவாகச் சுருங்கும் என்பதை ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க் 1895இலும், இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1910களிலும் நிறுவினர். வலப்புறமும் இடப்புறமும் ஒரே அளவை வெளியேற்றுவது இதனால்தான். தளர்வதும் சும்மா நடப்பதன்று. தசைச் செல்கள் கால்சியத்தைத் திரும்பச் சேமிப்பறைக்கு ஏற்ற ஆற்றலைச் செலவிட வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் சுமார் பாதிப்பேருக்குக் கீழறையின் சுருங்கும் திறன் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கிறது; அவர்களுள் பெரும்பாலோரின் கீழறை விறைத்திருப்பதால் சரிவர நிரம்புவதில்லை.