தக்காளியின் தகைவு எதிர்வினைகளில் இயக்குநீர்கள்

தக்காளிச் செடி (சோலானம் லைக்கோபெர்சிகம்) வறட்சி, நீர் தேங்குதல், மிகை வெப்பம், ஊட்டக்குறை, பூச்சித் தாக்குதல், நோய் ஆகியவற்றுக்கு ஈடுகொடுப்பதில் தாவர இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) முதன்மையான பங்கு வகிக்கின்றன. இத்தகைய பாதகமான சூழல்கள் தாவரத்தில் ஏற்படுத்தும் நெருக்கடி தகைவு எனப்படும். இடம்பெயர இயலாத தாவரம் தன் உடற்செயல்களை மாற்றிக்கொண்டே தகைவை எதிர்கொள்கிறது. இம்மாற்றங்களைத் தொடக்கி ஒழுங்குபடுத்தும் வேதிச் செய்திகளே இயக்குநீர்கள் ஆகும். இவை மிகக் குறைந்த அளவிலேயே செயற்படுகின்றன. இவை தரும் பாதுகாப்புக்கு வளர்ச்சி அல்லது விளைச்சலில் இழப்பு ஏற்படுவதும் உண்டு.

முதன்மையான இயக்குநீர்கள்

* அப்சிசிக் அமிலம் - இலைத்துளைகளை மூடி நீரிழப்பைக் குறைக்கிறது.
* எத்திலீன் - வளிம நிலையில் உள்ள இயக்குநீர். நீர் தேங்கும்போது இலைக்காம்பு தொங்குதல், புதிய வேர் தோன்றுதல் ஆகியவற்றில் பங்கேற்கிறது. கனி பழுப்பதும் இதனாலேயே.
* ஜாஸ்மோனிக் அமிலம் - காயத்துக்கும் பூச்சிகளுக்கும் எதிரான பாதுகாப்பைத் தூண்டுகிறது.
* சாலிசிலிக் அமிலம் - உயிருள்ள திசுவில் வாழும் நோய்க்கிருமிகளுக்கு எதிராகச் செயற்படுகிறது.
* ஸ்ட்ரைகோலாக்டோன்கள் - பாசுபரசு குறைந்த மண்ணில் வேரிலிருந்து மிகுதியாகச் சுரக்கின்றன.
* ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின் - வளர்ச்சி இயக்குநீர்கள். தகைவின்போது இவற்றின் அளவும் மாறுகிறது.

ஆய்வுத் தாவரமாகத் தக்காளி

தாவரத் தகைவு பற்றிய அடிப்படை அறிவின் ஒரு பகுதி தக்காளியிலிருந்தே கிடைத்தது. இதற்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, குறிப்பிட்ட ஓர் இயக்குநீரை உருவாக்க இயலாத அல்லது உணர இயலாத சடுதிமாற்றச் செடிகள் தக்காளியில் பல உள்ளன. மற்றொன்று, தக்காளியை எளிதில் ஒட்டுக்கட்டலாம். ஒருவகைச் செடியின் வேர்க்கட்டை மீது வேறுவகைச் செடியின் ஒட்டுத்தண்டை இணைப்பதன் மூலம் ஒரு செய்தி எங்கே உருவாகிறது, எங்கே உணரப்படுகிறது என்பதைப் பிரித்தறியலாம்.

வறட்சி

மண் காயும்போது இலைகளில் அப்சிசிக் அமிலத்தின் அளவு உயர்கிறது. இது இலைத்துளையைச் சூழ்ந்துள்ள காப்பு உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் முதலிய அயனிகளை வெளியேறச் செய்கிறது. அயனிகளைத் தொடர்ந்து நீரும் வெளியேற, உயிரணுக்கள் தளர்ந்து துளை மூடுகிறது.

பிளாக்கா, நொட்டாபிலிஸ், சிட்டியென்ஸ் என்னும் மூன்று சடுதிமாற்றச் செடிகளில் இவ்வமிலத்தின் உற்பத்தி குறைபட்டுள்ளது. இவற்றின் துளைகள் சரிவர மூடாமையால் செடிகள் எளிதில் வாடுகின்றன. பிளாக்கா செடிக்கு அப்சிசிக் அமிலம் அளித்தபோது அது இயல்பான தோற்றத்துக்குத் திரும்பியது என்பது 1970ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது.

உலரும் வேரே இவ்வமிலத்தை உருவாக்கி இலைக்கு அனுப்புகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 2002இல் வெளியான ஒட்டுச்செடி ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. அமிலக் குறைபாடுள்ள வேர்க்கட்டையில் இணைக்கப்பட்டிருந்தும், இயல்பான ஒட்டுத்தண்டின் இலைகள் மண் காய்ந்தபோது துளைகளை மூடின.

துளை மூடும்போது கரியமில வாயு உட்புகுவதும் குறைகிறது. இதனால் ஒளிச்சேர்க்கை தாழ்கிறது. நீராவிப்போக்கு குறைவதால் இலையின் வெப்பநிலையும் உயர்கிறது. அப்சிசிக் அமிலம் மிகுதியாக உருவாகுமாறு மரபணு மாற்றப்பட்ட தக்காளிகள் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தின. ஆனால் அவற்றின் விதைகளில் உறக்கநிலை மிகுந்து காணப்பட்டது.

நீர் தேங்குதல்

வயலில் நீர் தேங்கினால் வேருக்கு ஆக்சிசன் கிடைப்பதில்லை. அடுத்த சில மணிநேரங்களில் தக்காளியின் இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளைகின்றன. நீரில் நிற்கும் செடி வாடியது போல் தோன்றினாலும், காம்பின் மேற்புற உயிரணுக்கள் கீழ்ப்புறத்தவற்றை விட மிகுதியாக நீள்வதே இதன் காரணம் ஆகும்.

இதன் வேதிவழியைக் கென்ட் பிராட்போர்டு, ஷாங் பா யாங் ஆகியோர் 1980இல் விளக்கினர். எத்திலீனின் முன்பொருளான ஏசிசி என்னும் அமினோ அமிலம் வேரில் உருவாகிறது. அதனை எத்திலீனாக மாற்றும் நொதிக்கு ஆக்சிசன் தேவை. ஆக்சிசன் இன்மையால் வேரில் தேங்கும் ஏசிசி, சைலம் வழியே மேலேறி, காற்றுள்ள இலைப்பகுதியை அடைந்தபின் எத்திலீனாக மாறுகிறது. வேரின் நெருக்கடியை இலை அறிவது இவ்வழியிலேயே ஆகும்.

எத்திலீனும் ஆக்சினும் இணைந்து தண்டின் அடிப்பகுதியில் வேற்றிட வேர்கள் தோன்றவும் துணைபுரிகின்றன. எத்திலீனைச் சரிவர உணராத 'நெவர் ரைப்' சடுதிமாற்றச் செடியில் இவ்வேர்கள் குறைவாகவே தோன்றுகின்றன. எனினும், நீர் நீண்ட நாட்கள் வடியாவிடில் தக்காளி பிழைப்பது அரிது. எனவே, மழைக்காலச் சாகுபடியில் தக்காளியைக் கத்தரி வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டும் முறையைத் தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பரிந்துரைக்கிறது.

பூச்சிகளும் காயமும்

தக்காளி இலையைப் புழு அல்லது வண்டு கடிக்கும்போது, கடிபடாத இலைகளிலும் புரதச்செரிமானத் தடுப்பிகள் உருவாகின்றன. இவ்விலைகளை உண்ணும் பூச்சியின் குடலில் புரதம் சரிவரச் செரிப்பதில்லை. உருளைக்கிழங்கு, தக்காளி இலைகளில் இந்நிகழ்வைக் கிரீன், ரையன் ஆகியோர் 1972இல் வெளியிட்டனர். வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரையனின் குழுவினர் 1991இல் தக்காளி இலையிலிருந்து சிஸ்டமின் என்னும் 18 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடைப் பிரித்தெடுத்தனர். தாவரங்களில் கண்டறியப்பட்ட முதல் பெப்டைடு இயக்குநீர் இதுவாகும்.

செடி முழுதும் பரவும் செய்தி எது என்பதை ஒட்டுச்செடிகளே தெளிவாக்கின. 2002இல் வெளியான ஆய்வின்படி, ஜாஸ்மோனிக் அமிலத்தை உருவாக்க இயலாத வேர்க்கட்டையின் இலையைக் காயப்படுத்தியபோது மேலுள்ள இயல்பான ஒட்டுத்தண்டு எதிர்வினை காட்டவில்லை. அவ்வமிலத்தை உருவாக்கியும் உணர இயலாத வேர்க்கட்டையைக் காயப்படுத்தியபோது ஒட்டுத்தண்டு எதிர்வினை காட்டியது. எனவே, பரவும் செய்தி காயமுற்ற இலையில் ஜாஸ்மோனிக் அமிலம் உருவாவதைச் சார்ந்தது என்றும், சிஸ்டமின் அவ்வுற்பத்தியை மிகுவிக்கிறது என்றும் விளக்கப்படுகிறது.

நோய்க்கிருமிகள்

சாலிசிலிக் அமிலமும் ஜாஸ்மோனிக் அமிலமும் பல வேளைகளில் ஒன்றையொன்று ஒடுக்குகின்றன. ஆஸ்பிரின் அளிக்கப்பட்ட தக்காளிச் செடிகளில் காயத்துக்கான எதிர்வினை தடைபடுவது 1988இல் அறியப்பட்டது. ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்தின் வழிப்பொருள் ஆகும்.

இம்முரணைக் கிருமிகளும் பயன்படுத்திக்கொள்கின்றன. தக்காளியில் புள்ளிநோயை உண்டாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியா, ஜாஸ்மோனிக் அமிலத்தின் செயல்வடிவத்தை ஒத்த கொரோனாட்டின் என்னும் நஞ்சை உருவாக்குகிறது. செடி பூச்சிக்கு எதிரான வழியைத் தொடக்க, பாக்டீரியாவுக்கு எதிரான வழி தளர்கிறது. ஜாஸ்மோனிக் அமிலத்தை உணராத சடுதிமாற்றச் செடி இந்த பாக்டீரியாவை நன்கு எதிர்க்கிறது. ஆனால் அச்செடி சிலந்திப்பேன்களுக்கு எளிதில் இரையாவதுடன், பெண்மலட்டுத் தன்மையும் கொண்டுள்ளது.

வெப்பம்

மிகை வெப்பத்தில் தக்காளியின் மகரந்தம் முதலில் பாதிக்கப்படுகிறது. பகலில் 32 பாகை செல்சியசும் இரவில் 26 பாகை செல்சியசும் தொடர்ந்து நிலவினால், பல வகைகளில் உயிர்ப்புள்ள மகரந்தம் குறைந்து காய்பிடிப்பு வீழ்கிறது. எத்திலீன் மகரந்தத்தின் வெப்பத் தாங்குதிறனுக்கு உதவுகிறது. நெவர் ரைப் செடியின் மகரந்தம் வெப்பத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படுவது இதற்குச் சான்றாகும்.

ஊட்டக்குறை

மண்ணில் பாசுபரசு குறையும்போது தக்காளியின் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன்களை வெளியிடுகிறது. இவை வேர்ப்பூஞ்சைகளைக் கிளைக்கச் செய்கின்றன. அப்பூஞ்சைகள் வேருடன் இணைந்து பாசுபரசை ஈட்டித் தருகின்றன. ஆயினும், ஒரோபாங்கி இன வேர் ஒட்டுண்ணிகளின் விதைகளும் இதே பொருளால் முளைவிடுகின்றன. ஸ்ட்ரைகோலாக்டோன் குறைந்த தக்காளிகளை இவ்வொட்டுண்ணிகள் குறைவாகவே தாக்குகின்றன.

வேளாண்மைப் பயன்பாடு

செயற்கை ஆக்சினான பாராகுளோரோபீனாக்சி அசிட்டிக் அமிலம், வெப்பம் அல்லது குளிரால் காய்பிடிப்பு குறையும்போது பூங்கொத்துகளில் தெளிக்கப்படுகிறது. மகரந்தச்சேர்க்கை இன்றியே காய் உருவாவதால் விதை குறைந்த, உட்குழிவான காய்களும் தோன்றுவதுண்டு.

ஓர் இயக்குநீரை உயர்த்துவதால் மட்டும் எல்லாத் தகைவுகளையும் தாங்கும் செடி கிடைப்பதில்லை. வறட்சிக்கு உதவும் மாற்றம் வளர்ச்சியைக் குறைக்கலாம். நோய்க்கு எதிரான மாற்றம் பூச்சிக்கு வழிவிடலாம். ஆகவே, தகைவின் வகை, காலம், செடியின் பருவம் ஆகியவற்றுக்கு ஏற்பவே இயக்குநீர்ப் பயன்பாடு மதிப்பிடப்படுகிறது.