ஆடிட்டர் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கு?

ஈக்காட்டுத்தாங்கல் வீட்டில் அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய டெபாசிட் ரசீது கிடைத்தது. தொண்ணூறுகளில் அப்பா ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டு, திரும்பி வராத பணம். "ஆடிட்டர் கையெழுத்து போட்டிருந்தாரேடா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்துக்கு என்னதான் மதிப்பு என்று தோண்டியதில் வந்த பதிவு இது. கணக்குன்னதும் ஓடிடாதீங்க!

1906 அக்டோபரில் மதராஸின் அர்பத்நாட் வங்கி திவாலானது. அது கூட்டாளிகள் நடத்திய நிறுவனம். ஊருக்குக் கணக்கு காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பலருடைய சேமிப்பு போச்சு. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தச் சூட்டில்தான் வி.கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயற்சியில் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

பிறகு கம்பெனிகளுக்குத் தணிக்கை கட்டாயமானது. 1956 சட்டப்படி, கணக்கு உண்மையும் நியாயமுமான நிலையைக் காட்டுகிறதா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். எங்கே சந்தேகப்பட்டார், எப்படித் தீர்த்துக்கொண்டார்? அதைப் பற்றி மூச்! 1975-ல் வந்த அரசு உத்தரவு, சரக்கை நேரில் சரிபார்த்தார்களா என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் எழுத வைத்தது.

அதெல்லாம் இருந்தும் 2009 ஜனவரி 7-ல் சத்யம் ராமலிங்க ராஜுவின் கடிதம் வந்தது. கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லையாம்! அதுவரை ஆடிட்டர் அறிக்கை சுத்தமாகத்தான் இருந்தது.

2018 ஏப்ரல் முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் ஆடிட்டர்கள் தணிக்கையில் முக்கியமாகப் பட்ட விஷயங்களையும், அவற்றை எப்படிச் சோதித்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். 2021-22 முதல் இன்னொரு உத்தரவு: முந்தைய ஆடிட்டர் ராஜினாமா செய்திருந்தால், அவர் எழுப்பிய பிரச்சினைகளைப் புதியவர் கவனித்தாரா என்றும் சொல்லணும்.

இதனால கணக்கோட தரம் கூடுதா? நம்மைவிட முன்னாடியே இதை ஆரம்பித்த பிரிட்டனில், கூடியது என்ற ஆய்வும் உண்டு, பெரிய மாற்றமில்லை என்ற ஆய்வும் உண்டு. என் கட்சி: எழுதினால்தான் நாளைக்கு அவரைக் கேள்வி கேட்க நமக்குப் பிடி கிடைக்கும். இந்த இடம் வெளியே வரும் என்று தெரிந்தால் கணக்கு எழுதுபவரும் கொஞ்சம் யோசிப்பார். ஆனா வருஷா வருஷம் அதே பத்தியைக் காப்பி அடிச்சா, பழைய குருடி கதைதான்.

இப்பல்லாம் ஆண்டறிக்கை கிடைத்தால் லாபத்துக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறேன். பதிவர்களில் ஆடிட்டர்கள் இருந்தா சொல்லுங்க: நீங்க எழுதுறதை யாராவது படிச்சுட்டுக் கேள்வி கேட்டிருக்காங்களா?