96 (திரைப்படம்)

96 என்பது சி. பிரேம்குமார் எழுதி இயக்கி, 2018ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். தஞ்சாவூரில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் சென்னையில் ஒன்றுகூடுவதும், அந்தக் கூட்டத்தில் சந்தித்துக்கொள்ளும் இருவர் அன்றைய இரவை ஒன்றாகக் கழித்து விடியலில் பிரிவதும் இதன் கதை. விஜய் சேதுபதி, திரிஷா ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்த இப்படத்தை மெட்ராஸ் என்டர்பிரைசஸ் நிறுவனத்தின் சார்பில் எஸ். நந்தகோபால் தயாரித்தார், கோவிந்த் வசந்தா இசையமைத்தார். தமிழில் முன்னாள் மாணவர் சந்திப்பை மையமாகக் கொண்ட படங்களில் மிகப் பரவலாகப் போற்றப்பட்ட இது, கன்னடத்திலும் தெலுங்கிலும் மீண்டும் எடுக்கப்பட்டது.

மீள்சந்திப்புப் படம் என்னும் வகை

இளமையில் ஓரிடத்தில் கூடி வாழ்ந்தவர்கள் நடுவயதில் அதே இடத்தையோ அதே நண்பர்களையோ தேடித் திரும்பும் கதைகளை மீள்சந்திப்புப் படங்கள் எனலாம். வட அமெரிக்காவில் இவ்வகைக் கதைக்குக் களமாக அமைபவற்றுள் ஒன்று கோடை முகாம். அதாவது, பள்ளி விடுமுறையில் சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ வாரக்கணக்கில் தங்கி, படகோட்டவும் நீந்தவும் கூடி உண்ணவும் பழகும் இடம். மைக் பைண்டர் இயக்கத்தில் 1993இல் வெளிவந்த 'இந்தியன் சம்மர்' இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. முகாமை நடத்திவரும் முதியவர் ஒருவர், தம்மிடம் முன்பு வந்து தங்கியவர்களில் சிலரை வளர்ந்த பின் மீண்டும் அழைத்து, அதை மூடப்போவதாகத் தெரிவிக்கும் அக்கதை, இயக்குநர் தாம் சிறுவயதில் தங்கிய கனடாவின் அல்கோன்குவின் பூங்காவிலுள்ள முகாமிலேயே படமாக்கப்பட்டது. இலையுதிர் காலத்தின் இறுதியில் எதிர்பாராமல் வந்துபோகும் சில வெயில் நாட்களைக் குறிக்கும் தொடர்தான் அப்படத்தின் பெயர். கழிந்த பருவம் சிறுபொழுது திரும்பி வருவதை அது உணர்த்துகிறது.

தமிழ்ச் சமூகத்தில் கோடை விடுமுறை பெரும்பாலும் பாட்டி வீட்டிலும் அத்தை வீட்டிலும் கழிவதால், பெற்றோரின் கண்ணுக்கு அப்பால் நட்பும் முதற்காதலும் துளிர்க்கும் இடமாகப் பள்ளிக்கூடமே இருந்துவந்துள்ளது. ஆகவே தமிழ் மீள்சந்திப்புப் படங்கள் பள்ளியையோ கல்லூரியையோ நோக்கித் திரும்புகின்றன. சேரனின் 'ஆட்டோகிராப்' (2004), தன் திருமண அழைப்பிதழைக் கொடுக்கப் புறப்படும் ஒருவன் தான் வாழ்ந்த ஊர்களுக்கும் பழைய காதல்களுக்கும் திரும்பிச் செல்லும் பயணம். பள்ளி இறுதி நாட்களில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் கையொப்பமும் வாழ்த்தும் எழுதித் தரும் சிறு ஏட்டின் பெயரையே அது தலைப்பாகக் கொண்டது. தங்கர் பச்சானின் 'பள்ளிக்கூடம்' (2007), தாங்கள் படித்த கிராமத்துப் பள்ளிக்கு ஆபத்து நேரும்போது கூடிவரும் முன்னாள் மாணவர்களைப் பற்றியது. லால் ஜோஸ் மலையாளத்தில் இயக்கிய 'கிளாஸ்மேட்ஸ்' (2006) தமிழில் 'நினைத்தாலே இனிக்கும்' (2009) என மறு ஆக்கம் பெற்றது. 96 இந்த மரபில் வந்தது எனினும், கூட்டத்தின் கதையாகத் தொடங்கி இருவரின் கதையாகச் சுருங்கும் அதன் வடிவம் தனித்தது.

கதை

ஊர் ஊராகச் சென்று ஒளிப்படம் எடுக்கும் ராம் என்கிற ராமச்சந்திரன், மாணவர்களுக்கு அக்கலையைக் கற்பித்தும் வருகிறான். ஒரு பயணத்தின்போது தஞ்சாவூரைக் கடக்க நேரும் அவன் தன் பழைய பள்ளிக்குள் நுழைகிறான். அங்கே வெறிச்சோடிய வகுப்பறைகளும் முதுமையடைந்த காவலாளியும் அவனை எதிர்கொள்கின்றனர். இதையடுத்து வாட்ஸ்அப் குழுவில் பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக இணைய, சென்னையில் ஒன்றுகூடல் ஏற்பாடாகிறது. சிங்கப்பூரில் கணவருடனும் மகளுடனும் வாழும் ஜானு என்கிற ஜானகிதேவியும் அதற்கு வருகிறாள்.

1994இல் பத்தாம் வகுப்பில் உடன் பயின்ற இருவருக்கும் இடையே சொல்லப்படாத காதல் இருந்தது. பொதுத்தேர்வின் கடைசி நாளில் விடைபெற்ற ஜானு, விடுமுறை முடிந்து பதினோராம் வகுப்புத் தொடங்கும் நாளில் ராமுக்காகக் காத்திருக்கிறாள். அவனோ தந்தையின் கடன் தொல்லையால் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருக்கிறான். பிற்காலத்தில் அவள் படிக்கும் கல்லூரிக்கு அவன் தேடிச் சென்றதும், வந்திருப்பவன் வேறொருவன் என்று எண்ணி அவள் பார்க்க மறுத்ததும், அவள் திருமணத்தன்று அவன் யாருக்கும் தெரியாமல் வந்து நின்றதும் இந்த ஒற்றை இரவின் உரையாடலில்தான் இருவருக்கும் முழுமையாகத் தெரியவருகின்றன. கதையின் துயரம் இங்கேதான் மையம் கொள்கிறது: இருவரையும் பிரித்தது வில்லனோ சாதியோ பெற்றோரின் எதிர்ப்போ அல்ல, ஒரு கடனும் ஒரு தவறான ஊகமும் மட்டுமே. விடியலில் அவள் விமானம் ஏறுகிறாள். அவன் வீடு திரும்பி, அவள் விட்டுச்சென்ற உடையைத் தன் நினைவுப் பொருட்கள் இருக்கும் பெட்டியில் மடித்து வைப்பதோடு படம் முடிகிறது.

தலைப்பும் காலமும்

பள்ளி நண்பர்களைப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஆண்டைக் கொண்டு இன்ன ஆண்டு 'பேட்ச்' என்று குறிப்பிடுவது தமிழ்நாட்டு வழக்கம். தலைப்பிலுள்ள எண் 1996ஆம் ஆண்டு அணியைச் சுட்டுகிறது. ஆனால் நாயகன் 1994இல் பத்தாம் வகுப்போடு அப்பள்ளியை விட்டு நீங்கியவன். எந்த ஆண்டின் பெயரால் அவன் நண்பர்கள் அவனைத் தங்களுள் ஒருவனாகக் கருதுகிறார்களோ, அந்த ஆண்டில் அவன் அங்கே இல்லை. வாழாமற்போன இரண்டு ஆண்டுகளின் பெயரை இரண்டரை மணி நேரத்துக்கும் சற்று மேலான படம் முழுவதும் அவன் சுமக்கிறான் என்னும் இந்த நுட்பம், நினைவேக்கம் எனப்படும் உணர்வின் இயல்பை எந்த வசனத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது: மனிதர் ஏங்குவது நடந்தவற்றுக்காக மட்டுமன்று, நடக்கவிருந்து நடவாமற் போனவற்றுக்காகவும்தான்.

இதையே திரைக்கதை இன்னொரு வகையிலும் வலியுறுத்துகிறது. ராமின் மாணவர்கள் ஜானுவை அவன் மனைவி எனக் கருதி, இருவரும் இணைந்த கதையைக் கேட்கும்போது, அவள் மறுக்காமல், கல்லூரி நாளில் அவனைச் சந்தித்ததாகவும் வாழ்வில் சேர்ந்ததாகவும் ஒரு கதையைக் கட்டிச் சொல்கிறாள். காட்சியாகவே திரையில் விரியும் அப்பொய், பார்ப்பவருக்கும் சற்று நேரம் உண்மையாகி, பின் கலைந்துபோகிறது.

பொருட்களின் வழியே நினைவு

தேர்வின் இறுதி நாளில் மாணவர்கள் பேனாவை உதறி ஒருவர் சீருடையில் ஒருவர் மை தெளித்துக்கொள்வது, பந்துமுனைப் பேனா முற்றாகப் பரவுவதற்கு முன் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இருந்த விடைபெறும் வழக்கமாகும். இனி அச்சட்டையை அணியத் தேவையில்லை என்னும் குதூகலமும், பிரிகிறோம் என்னும் கலக்கமும் அதில் கலந்திருக்கும். படத்தில் ஜானு தெளித்த மை படிந்த வெள்ளைச் சட்டையை ராம் துவைக்காமல் பாதுகாக்கிறான். துவைத்தால் போய்விடக்கூடிய ஒரு கறை இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்தும் அவன் பெட்டியில் இருப்பதே அவன் வாழ்ந்த வாழ்வுக்குச் சான்றாகிறது. ஜானு அணிந்துவரும் மஞ்சள் நிறக் குர்தா பின்னர் இளம்பெண்களிடையே விரும்பி வாங்கப்பட்ட உடையானது. படத்துக்குள்ளோ அதுவும் இறுதியில் அந்தப் பெட்டியையே அடைகிறது.

இயக்குநரும் நடிகர்களும்

பிரேம்குமார் அடிப்படையில் ஒளிப்பதிவாளர். பாலாஜி தரணீதரன் இயக்கிய 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012) படத்துக்கு அவர் ஒளிப்பதிவு செய்தார். அதன் கதையே, திருமணத்துக்கு முன் கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடிபட்டுச் சில காலத்து நினைவை இழந்த அவருடைய சொந்த அனுபவத்திலிருந்து உருவானதாகும். அதில் அவரை ஒத்த பாத்திரத்தில் நடித்தவரும் விஜய் சேதுபதிதான். நினைவை இழந்தவனாக அன்று நடித்தவரே, ஆறு ஆண்டுகளுக்குப் பின் எதையும் மறக்க இயலாதவனாக 96இல் நடித்தார்.

இளவயது ராமாக, நடிகர் எம். எஸ். பாஸ்கரின் மகன் ஆதித்யா பாஸ்கரும், இளவயது ஜானுவாகக் கௌரி கிஷனும் நடித்தனர். நண்பர்களாகத் தேவதர்ஷினி, பகவதி பெருமாள், ஆடுகளம் முருகதாஸ் ஆகியோரும், பள்ளிக் காவலாளியாக ஜனகராஜும் தோன்றினர். தேவதர்ஷினியின் இளவயதுப் பாத்திரத்தில் அவருடைய மகள் நியதியே நடித்தது முகச்சாயலின் தொடர்ச்சிக்கு உதவியது. நண்பர்கள் ராமையும் ஜானுவையும் கேலி செய்வதும், எல்லை மீறிவிடுவார்களோ என்று உள்ளூர அஞ்சுவதும், பின் தனியே விடுவதும் அன்பின் வெவ்வேறு வடிவங்களாகவே சித்திரிக்கப்பட்டுள்ளன.

இசை

கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் இசைக்குழுவைச் சேர்ந்த வயலின் கலைஞரான கோவிந்த் வசந்தா அமைத்த பாடல்களைக் கார்த்திக் நேத்தா, உமாதேவி ஆகியோர் எழுதினர். 'அந்தாதி' என்னும் பாடலின் பெயர், ஒரு செய்யுளின் இறுதிச் சொல்லே அடுத்த செய்யுளின் தொடக்கமாக அமையும் பழந்தமிழ் யாப்பு வகையிலிருந்து வந்தது. முடிவே தொடக்கமாகும் கதைக்கு அப்பெயர் பொருந்துகிறது. 'காதலே காதலே' பாடலைச் சின்மயியும் கோவிந்த் வசந்தாவும் பாடினர். திரிஷாவுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவரும் சின்மயியே.

படத்தின் உணர்ச்சிச் சிகரம் புதிய பாடல் ஒன்றில் அமையாமல், மணிரத்னத்தின் 'தளபதி' (1991) படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'யமுனை ஆற்றிலே' பாடலில் அமைகிறது. பள்ளிக் காலத்தில் ராம் எத்தனை முறை விரும்பிக் கேட்டும் ஜானு பாடாமல் விட்ட அப்பாடலை, அவன் வீட்டில் மின்சாரம் நின்று இருள் சூழ்ந்த நேரத்தில், பக்க இசை எதுவுமின்றி அவள் பாடத் தொடங்க, அவன் பதறி வெளிச்சம் தேடுகிறான். ஜானகி என்னும் அவள் பெயரும், பள்ளியில் அவள் பாடும் பாடல்களும் பின்னணிப் பாடகி எஸ். ஜானகியை நினைவூட்டுகின்றன. ஆந்திரத்தின் ரேபள்ளைப் பகுதியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, தமிழர்களின் இரு தலைமுறை நினைவுகளில் குரலாகத் தங்கியவர் அவர்.

மறு ஆக்கங்களும் எல்லைப்புறப் பார்வையாளர்களும்

கன்னடத்தில் பிரீதம் குப்பி இயக்கத்தில் கணேஷும் பாவனாவும் நடிக்க '99' (2019) என்ற பெயரிலும், தெலுங்கில் பிரேம்குமாரின் இயக்கத்திலேயே, தில் ராஜு தயாரிப்பில், சர்வானந்தும் சமந்தாவும் நடிக்க 'ஜானு' (2020 பிப்ரவரி 7) என்ற பெயரிலும் இக்கதை மீண்டும் எடுக்கப்பட்டது. கோவிந்த் வசந்தாவும் கௌரி கிஷனும் தெலுங்குப் படத்திலும் தம் பங்கைத் தொடர்ந்தனர். தஞ்சாவூரின் இடத்தில் விசாகப்பட்டினம் அமைந்தது.

1911இல் பழைய வட ஆற்காட்டுப் பகுதிகளையும் சேர்த்து உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டத்தில், கங்காதர நெல்லூர் முதலிய எல்லைப்புற ஊர்களில் தெலுங்கும் தமிழும் அடுத்தடுத்துப் புழங்குவதால், தமிழ்ப் படத்தையும் தெலுங்குப் படத்தையும் துணையுரையின்றிப் பார்த்து ஒப்பிடக்கூடியவர்கள் அங்கே வாழ்கின்றனர். ஒப்பிடும்போது தெளிவாகும் வேறுபாடு ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டாம் வகுப்புவரை நீள்வதால், பத்தாம் வகுப்புக்குப் பின் நண்பர்கள் மீண்டும் அதே கட்டடத்துக்குத் திரும்புவார்கள் என எதிர்பார்ப்பது இயல்பு. ஜானுவின் காத்திருப்பு இந்த எதிர்பார்ப்பின் மேல்தான் நிற்கிறது. ஆந்திரத்திலோ பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்து, 'இன்டர்' எனப்படும் அடுத்த ஈராண்டுகள் பெரும்பாலும் ஜூனியர் கல்லூரிகளில் கழிகின்றன. அங்கே பத்தாம் வகுப்பின் இறுதி நாள் எல்லாருக்குமே பிரிவு நாள். ஒரே சம்பவம் ஓரிடத்தில் ஒருவனின் எதிர்பாராத மறைவாகவும், மற்றோரிடத்தில் பொதுவான விடைபெறலாகவும் தொனிப்பதற்கு இக்கல்வி அமைப்பே காரணம். ஊரையும் பள்ளியையும் இடம் மாற்றினால் நினைவும் நிறம் மாறும் என்பதை இது உணர்த்துகிறது.

இடமும் மதிப்பும்

வெளியாகி ஒரு மாதம் சற்றே கடந்த நிலையில், அவ்வாண்டுத் தீபாவளியன்று படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த வேளையில் அவ்வாறு செய்தது குறித்துத் திரிஷா வெளிப்படையாக வருந்தினார். பிரேம்குமார் பின்னர் இயக்கிய 'மெய்யழகன்' (2024), தஞ்சாவூரில் பூர்விக வீட்டை இழந்து வெளியேறிய ஒருவன் உறவினர் திருமணத்துக்காகப் பல்லாண்டுகள் கழித்து ஒரே இரவு ஊர் திரும்பும் கதையாகும். அந்த வெளியேற்றமும் 1996இலேயே நிகழ்கிறது. இரு படங்களையும் சேர்த்துக் காணும்போது, பிறந்த ஊரிலிருந்து கடனாலும் வழக்காலும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் சுமக்கும் இழப்பே இவ்வியக்குநரின் நிலையான பொருள் என்பது விளங்கும்.

திருமணமான பெண்ணும் அவளை மறவாத ஆணும் ஓர் இரவைத் தனிமையில் கழிக்கும் கதையை, கண்ணியம் குறையாமலும் காதலைச் சிறுமைப்படுத்தாமலும் சொன்னதே 96 பெற்ற மதிப்புக்கு அடிப்படை. 'இந்தியன் சம்மர்' படத்தில் நண்பர்களைக் கூட்டிய முகாம் மூடப்படும் நிலையை எட்டுகிறது; 96இலோ பள்ளி மூடப்படவில்லை, அது அடுத்த தலைமுறைப் பிள்ளைகளால் நிறைந்தே இருக்கும். விடுமுறை நாளின் வெறுமையில் ராம் தொட்டுப் பார்க்கும் பெஞ்சில் அடுத்த பள்ளி நாளன்று வேறொரு மாணவன் உட்காருவான்.