வஞ்சமும் வஞ்சினமும்: பழிநாடகத்தில் பித்துக்கு உரிய இடம்

1. சொல்வரையறை

தமிழில் 'வஞ்சம்' என்ற ஒரு சொல் இரண்டு பொருள் சுமக்கிறது. ஏமாற்று என்பது ஒன்று. நெஞ்சில் பூட்டி வளர்த்த பகை என்பது மற்றொன்று. 'வஞ்சம் தீர்த்துக்கொண்டான்' என்றால் ஏமாற்றினான் என்று எவரும் பொருள் கொள்வதில்லை, பழிவாங்கினான் என்றே கொள்வர். பூட்டி வைத்த பகை ஏமாற்றின் வழியாகத்தான் வெளிவரும் என்று மொழியே முடிவு கட்டிவிட்டது போலும்.

இதன் பக்கத்தில் நிற்பது 'வஞ்சினம்'. இன்னதைச் செய்யாவிட்டால் இன்ன கேடு என்னைச் சேரட்டும் என்று பலர் கேட்கச் சூளுரைப்பது அது. தொல்காப்பியம் இதைக் காஞ்சித் திணையில் வைக்கிறது. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் மூன்றும் அரசர் வாய்மொழியாக அமைந்த வஞ்சினங்கள்.

இவ்விரு சொற்களையும் கொண்டு பழியை இரண்டாக வகுக்கிறோம். பழிகொள்வோர் தம் எண்ணத்தை ஒளித்து நிறைவேற்றுவது *மறைபழி*. ஊரறிய உரைத்துவிட்டு நிறைவேற்றுவது *அறைபழி*. பித்து மறைபழியோடு கூடப் பிறந்தது. அறைபழியில் பழிகொள்வோரிடம் அது தங்குவதில்லை. இக்கருத்தை ஆங்கில அவலநாடகத்தையும் நம் பாரதக் கூத்தையும் அருகருகே வைத்துச் சோதித்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

2. மறைபழியின் காரணம்

ஆங்கில மேடையில் இந்த வகைக்கு வழி திறந்தது தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிய அவலம்'. 1580களின் பிற்பாதியில் எழுந்த நாடகம். ரோமானியரான செனெக்காவின் அவலநாடகங்கள் 1581இல் ஆங்கிலத்தில் தொகுதியாக வந்திருந்தன. ஆவியும் குருதியும் அங்கிருந்து வந்தவை. ஆனால் கிட் சேர்த்த ஒன்று செனெக்காவிடம் இல்லை. அவர் நாயகன் ஹைரோனிமோ ஒரு நீதிபதி.

தோட்டத்துப் பந்தலில் தன் மகன் தூக்கில் தொங்கக் காண்கிறான். கொன்றவர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். மன்னனிடம் முறையிடப் போனால் கொலைகாரனே இடையில் புகுந்து தடுக்கிறான். பிறகு ஒரு காட்சி வருகிறது. நாடகத்தின் உயிர்நிலை அதுவே என்பது நம் துணிபு. வழக்காடிகள் மனுக்களோடு அவனிடம் வருகிறார்கள். மகனைப் பறிகொடுத்த கிழவர் ஒருவரும் அவர்களில் உண்டு. நீதி வழங்க வேண்டிய ஹைரோனிமோ அம்மனுக்களைப் பல்லால் கடித்துக் கிழித்துப் போடுகிறான். அந்தக் கிழவரையே தன் மகன் என்று எண்ணிப் பேசுகிறான்.

ஆக, இவ்வகைப் பித்துக்குக் காரணம் துயரம் மட்டும் அன்று. முறையிட வாயில் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல ஓர் அவை இல்லை. அடைபட்ட சொல் அறிவைக் கலக்குகிறது. கடைசியில் ஹைரோனிமோ அரச சபைக்கு ஒரு நாடகம் போடுகிறான். அதில் குத்துவது மெய்யாகவே குத்து, சாவது மெய்யாகவே சாவு. எல்லாவற்றையும் சபையில் சொல்லி முடித்த பின், மேலும் பேசமாட்டேன் என்று தன் நாக்கைத் தானே கடித்துத் துப்புகிறான்.

3. பித்தின் வகை

இந்நாடகங்களில் காணும் பித்து மூவகை. அறிவு தெளிந்திருக்க, பித்தன்போல் காட்டிக்கொள்வது *நடிபித்து*. லியர் அரசன் நாடகத்தில் எட்கர் பிச்சைக்காரப் பித்தனாகத் திரிவது இதற்குத் தெளிவான சான்று. அறிவு உண்மையிலேயே சிதைவது *மெய்ப்பித்து*; ஹாம்லெட்டில் பூக்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒஃபீலியாவை இங்கு வைக்கலாம். நடிப்பாகத் தொடங்கி, எங்கே மெய்யாயிற்று என்று பார்ப்போருக்கும் சிலவேளை நடிப்பவனுக்குமே விளங்காமல் போவது *இடைப்பித்து*.

ஹாம்லெட் மூன்றாம் வகை. கடவுளருக்கு ஓலை கட்டி அம்பெய்யும் மற்றொரு பழிநாடக நாயகன் டைட்டசும் அவ்வகையே. முதல் வகையை வஞ்சகத்தின் கருவி என்றும், இரண்டாவதை அதன் விளைவு என்றும் சொல்லிவிடலாம். மூன்றாவதில் கருவியே கையை அறுக்கிறது. பழியை ஒளிக்கப் போட்ட வேடம் ஒளித்தவனையே தின்னத் தொடங்குகிறது. ஆங்கில அவலநாடகத்தின் பெருமையெல்லாம் இந்த மூன்றாம் வகையில்தான் என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம்.

4. அறைபழியின் களம்

கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் வழியாக வடகிழக்கே செஞ்சி வரை நீளும் நிலம் பாரதக் கூத்து அறிந்த நிலம். செஞ்சிப் பகுதியை நடுவாக வைத்துத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டலின் நூல் 1988இல் வெளிவந்தது. திருவிழாவில் பகலில் வில்லிபாரதம் படிப்பார்கள். இரவில் கூத்துக் குழுவான ஜமா இறங்கும்.

இங்கும் பழி உண்டு, வஞ்சகம் உண்டு. சூதாட்டத்தைவிட வஞ்சகம் வேறென்ன? ஆனால் அது தவறிழைத்தவர் பக்கம் நிற்கிறது. பழிகொள்ளும் பக்கம் சபை நடுவே வாய் திறந்துவிட்டது. கூந்தலை முடியேன் என்கிறாள் திரௌபதி. தொடையைப் பிளப்பேன் என்கிறான் வீமன். பகைவன் காதில் விழுந்த பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? நடிபித்துக்கு வேலை இல்லை.

அப்படியானால் பித்து எங்கே போயிற்று? துகிலுரியும் இரவைப் பாருங்கள். சேலையில் கை வைக்குமுன் துச்சாதன வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்துகிறார். கற்பூரம் ஏற்றி, அம்மனைக் கும்பிட்டு, வேடத்துக்காகச் செய்யப்போவதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார். பிறகே இழுக்கிறார். அந்த வேளையில் பார்ப்போர் நடுவிலிருந்து எவருக்காவது அருள் வந்துவிடும். பாத்திரத்தின் நெஞ்சுக்குள் நிகழ வேண்டிய கலக்கம் வேடக்காரர் மீதும் ஊரார் மீதும் இறங்குகிறது. இதை *ஏறுமருள்* என்போம். மெய்ப்பித்துக்கு வைத்தியர் வேண்டும். ஏறுமருளுக்குத் திருநீறு போதும், விடிந்தால் தெளியும். கிட்டின் மேடையில் நடிப்பு என்ற பேரில் கொலையே நடக்கிறது. இங்கோ நடிப்புக்கே மன்னிப்பு கேட்கப்படுகிறது.

பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளம். மண்ணால் ஆன துரியோதனன் ஆள் உயரத்தைப் பல மடங்கு மிஞ்சிக் களத்தில் மல்லாந்து கிடப்பான். தொடையில் அடி விழும். அங்கே வைத்த செந்நீரைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தலில் தடவி, பூச்சூட்டி முடிவார்கள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவோர் உண்டு.

5. தடையும் விடையும்

நம் வகுப்புக்கு இரண்டு தடைகளை எழுப்பலாம். முதலாவது கீசகவதம். நாடகசாலை இருட்டில் பெண்ணாகப் படுத்திருந்து வீமன் கொல்கிறானே, அது மறைபழி அல்லவா? ஆம், மறைபழியே. ஆனால் அது நடப்பது அஞ்ஞாதவாசத்தில். பெயரைச் சொன்னாலே மீண்டும் காடு. வாய் அடைபட்ட இடத்தில் வேடம் வருகிறது என்ற நம் கருத்துக்கு அதுவே துணையாகிறது.

இரண்டாவது தடை கடினமானது. கதைப்போரில் இடைக்குக் கீழே அடிப்பது முறையன்று. கண்ணன் குறிப்புக் காட்ட, வீமன் தொடையில் அடித்தான். அறைபழியின் உச்சியிலேயே வஞ்சகம் நிற்கிறது. தொடைதான் இலக்கு என்பது 13 ஆண்டுகளுக்கு முன் சபையில் உரைத்தது என்று ஒரு விடை சொல்லலாம். அது பாதி விடைதான். மீதியைக் கூத்து மறைப்பதில்லை. விழுந்து கிடக்கும் துரியோதனனுக்காக அழும் பெண்ணின் ஒப்பாரியும் அதே களத்தில் கேட்கும்.

6. இடைவழி: மனோகரன்

1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் இரு மரபையும் அறிந்தவர். ஹாம்லெட்டை 'அமலாதித்தியன்' என்று தமிழாக்கித் தாமே அந்த வேடம் பூண்டார். ஆயினும் தமிழர் நெஞ்சில் ஊன்றியது அதுவன்று, அவருடைய 'மனோகரா'. தாய்க்கு நேர்ந்த இழிவு, அரசனை மயக்கிய வசந்தசேனை, கொதிக்கும் மகன் என்று சரக்கில் ஹாம்லெட்டின் வாடை உண்டு. ஆனால் மனோகரன் பித்தனாக நடிப்பதில்லை. அவனைத் தடுத்து நிறுத்துவது தாயின் கட்டளை. அதை எல்லோரும் அறிவர். 1954இல் வந்த திரைப்படத்தில் அவன் கட்டுண்டு நிற்க, தாயே அந்தத் தடையை எல்லோர் காதிலும் விழ நீக்குகிறாள், சங்கிலி அறுகிறது. சிவாஜி கணேசனும் கண்ணாம்பாவும் நடித்த அந்தக் கட்டத்துக்குக் கொட்டகைகளில் எழுந்த ஆரவாரம் வஞ்சினத்துக்குக் கிடைத்த ஆரவாரம். பித்து நாயகனைவிட்டு விலகி, வசந்தசேனையின் மகனான அசட்டு வசந்தனிடம் போய்ச் சிரிப்பாகிவிட்டது. இது ஹாம்லெட்டைக் குறைத்த தழுவல் என்பாருண்டு. மறைபழியை அறைபழியாக மாற்றிய ஆக்கம் என்பதே நம் முடிபு.

ஹாம்லெட்டைப் பாடமாக நடத்தும் சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பாரதக் கூத்துக்கு மாணவர்களை அழைத்துப் போங்கள். நள்ளிரவில் எழுந்து வந்துவிடாதீர்கள். படுகளம் விடிந்த பிறகுதான்.